பேட்டரி தீரும் முன் சேமிப்பைப் படியெடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் என்னிடம் பழைய வீடியோ கேம் கார்ட்ரிட்ஜ்களை (விளையாட்டு அடங்கிய, சாதனத்தில் செருகும் பெட்டிகளை) கொண்டுவருவோர், பல ஆண்டுகளுக்கு முன் விளையாடிச் சேமித்து வைத்ததை மீட்டுத் தர முடியுமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பெரும்பாலும் காலம் கடந்த பிறகே வருகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

கார்ட்ரிட்ஜில் விளையாட்டின் நிரல், படிக்க மட்டுமே முடிகிற ரோம் சிப்பில் இருக்கிறது. மின்சாரம் இல்லாவிட்டாலும் அது அழியாது. ஆனால், விளையாடுபவரின் முன்னேற்றம் பல கார்ட்ரிட்ஜ்களில் மின்சாரம் நின்றால் அழிந்துவிடும் ஒரு சிறிய ரேம் சிப்பில்தான் எழுதப்படுகிறது. சாதனத்தை அணைத்த பிறகு அந்தச் சிப்புக்கு மின்சாரம் தருவது, பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும் 3 வோல்ட் வட்ட பேட்டரி. அதன் அழுத்தம் ஏறத்தாழ 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சேமிப்புக்கு உத்தரவாதம் இல்லை.

1986இல் ஜப்பானில் வெளிவந்த முதல் டிராகன் குவெஸ்ட் விளையாட்டில் இந்த வசதிகூடக் கிடையாது. 20 எழுத்துக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைத்து, மறுநாள் பிழையின்றி உள்ளிட வேண்டும். இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்துகள் வரை நீண்டது. 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த செல்டா கார்ட்ரிட்ஜில் பேட்டரியும் 8 கிலோபைட் ரேமும் இருந்தன. ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே பவரை அணைக்க வேண்டும் என்று அந்த விளையாட்டு அறிவுறுத்தியதற்குத் தக்க காரணம் உண்டு: மின்னழுத்தம் சரியும் அந்தக் கணத்தில் நிதானமிழந்த செயலி, ரேமில் தாறுமாறாக எதையாவது எழுதிச் சேமிப்பையே கெடுத்துவிடலாம், ரீசெட் அழுத்தியிருந்தால் செயலி இயங்காது.

எல்லாக் கார்ட்ரிட்ஜ்களும் ஒன்றல்ல என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். நின்டெண்டோ 64 சாதனத்தில் சூப்பர் மாரியோ 64 விளையாட்டு தன் சேமிப்பை பேட்டரி தேவைப்படாத 512 பைட் ஈஈப்ராம் (EEPROM) சிப்பில் வைக்கிறது. அதே சாதனத்துக்கான செல்டா விளையாட்டான ஒகரினா ஆஃப் டைமோ பேட்டரியை நம்பியிருக்கிறது. போக்கிமான் கோல்டு, சில்வர் கார்ட்ரிட்ஜ்களில் அதே பேட்டரி கடிகாரத்தையும் ஓட்ட வேண்டியிருப்பதால் விரைவில் தீர்ந்துபோகிறது. போக்கிமான் ரூபி, சஃபையரில் நிலைமை வேறு. அவற்றின் சேமிப்பு மின்சாரமின்றியும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது, பேட்டரி கடிகாரத்துக்கு மட்டுமே. எனவே, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று திரையில் செய்தி வந்ததும் எல்லாம் போய்விட்டதாகக் கலங்க வேண்டாம்.

பேட்டரியை நம்பியிருக்கும் கார்ட்ரிட்ஜ்களில் முதலில் செய்ய வேண்டியது, கணினியுடன் இணையும் கார்ட்ரிட்ஜ் ரீடர் மூலம் சேமிப்பைப் படியெடுப்பதுதான். பேட்டரியைக் கழற்றினால் சேமிப்பு அழிந்துவிடும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. புதிதாகப் பொருத்தும் பேட்டரி, தகட்டுக் கால்கள் ஏற்கெனவே ஒட்டப்பட்டதாக இருக்க வேண்டும். வெறும் பேட்டரியின் மேல் நேரடியாக சால்டரிங் அயர்னை வைத்தால் சூட்டில் அது வெடிக்கக்கூடும். செல்லோடேப்பால் ஒட்டி முடிப்பவர்களும் இருக்கிறார்கள். கார்ட்ரிட்ஜ் ஒருமுறை கீழே விழுந்து தொடர்பு விலகினாலே சேமிப்பு போய்விடும் என்பதால் அந்த முறையை நான் பரிந்துரைப்பதில்லை. மாற்றிய பின், படியெடுத்ததைத் திரும்ப எழுதிவிடலாம்.

இன்றைய சாதனங்களில் பேட்டரிக் கவலை இல்லை. ஆனால் படியெடுக்கும் உரிமை சுருங்கிவிட்டது. நின்டெண்டோ ஸ்விட்சில் சேமிப்பு விளையாட்டு அட்டையிலோ மைக்ரோ எஸ்டி அட்டையிலோ இல்லாமல் சாதனத்தின் உள்நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. இணையத்தில் நிறுவனத்தின் சர்வரில் வைக்கும் மேகச் சேமிப்புக்குச் சந்தா கட்ட வேண்டும், அப்போதும் ஸ்பிளாட்டூன் 2 போன்ற சில விளையாட்டுகளுக்கு அது கிடையாது. பிளேஸ்டேஷன் 4 தன் சேமிப்புகளை யுஎஸ்பி டிரைவில் படியெடுக்க அனுமதித்தது. பிளேஸ்டேஷன் 5 தனக்கான விளையாட்டுகளுக்கு அந்த வசதியைத் தரவில்லை. பழைய கார்ட்ரிட்ஜையாவது திறந்து பார்த்துச் சரிசெய்ய முடிகிறது. சாதனம் பழுதாகிச் சந்தாவும் இல்லாதவருக்கு அந்த வழியும் இல்லை. விலை கொடுத்து வாங்கியவர் தன் உழைப்பில் சேர்த்த சேமிப்பைத் தன் டிரைவிலேயே கட்டணமின்றிப் படியெடுத்துக்கொள்ளும் வசதியை இந்நிறுவனங்கள் எல்லா விளையாட்டுகளுக்கும் வழங்க வேண்டும். அது வழங்கப்படாத விளையாட்டுகளின் உறையில் அந்த விவரத்தை வாங்குவோருக்குத் தெரியும்படி அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.