செயின் அறுந்த எஞ்சினை இன்னொரு தடவை சுற்றவிடாதே

அன்புள்ள மகளுக்கு,

ஓட்டத்திலேயே எஞ்சின் அணைந்துவிட்டது, இப்போது செல்ஃப் அடித்தால் தடையே இல்லாமல் விர்ரென்று சுற்றுகிறது என்றாயே, அது பெரும்பாலும் டைமிங் செயின்தான்: பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் ஒரே தாளத்தில் இணைக்கும் சங்கிலி. நல்ல எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும்போது செல்ஃப் திணறும். சத்தம் ஏறி இறங்கும். வால்வு மூடவில்லை என்றால் அமுக்க ஒன்றும் இல்லை, அதனால்தான் அந்த வழுவழுப்பான சத்தம்.

இனி சாவியைத் திருகாதே. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்று யார் சொன்னாலும் விடாதே. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடு. வண்டியைக் கட்டி இழுத்தால் கியர் நியூட்ரலில் இருக்கட்டும். 3000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 50 முறை மேலே வந்து போகும். செயின் அறுந்ததும் கேம் நின்றுவிடும், கிராங்க் நிற்காது. திறந்தபடி நின்ற வால்வைப் பிஸ்டன் இடித்துவிடும். பெரும்பாலான புது எஞ்சின்களில் இரண்டும் ஒரே இடத்தைத்தான் மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. டீசலாக இருந்தால் இடைவெளி இன்னும் குறைவு.

இனி மெக்கானிக் செய்ய வேண்டியது. அவசரப்பட்டு ஹெட்டை (வால்வுகள் இருக்கும் மேல்பகுதியை) கழற்ற வேண்டாம், முதலில் வால்வு கவரைத் திறந்து பார்க்கட்டும். செயின் அறுந்திருக்கிறதா, பல்சக்கரத்தில் பல் மட்டும் தாண்டியிருக்கிறதா? ஸ்கேனரில் பி0016 என்ற பிழைக் கோடு வந்திருந்தால் கிராங்கும் கேமும் பொருந்தவில்லை என்று அர்த்தம். எதனால் என்பதை அது சொல்லாது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் கையால் மெல்லச் சுற்றலாம். எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்; நீளமான பைப் மாட்டி அழுத்தவே கூடாது.

பலர் தவறுவது அடுத்ததில்தான். செயின் அறுந்த நிலையில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்த்துவிட்டு "நாலு சிலிண்டரும் போச்சு" என்பார்கள். கேம் நின்ற இடத்தில் சில வால்வுகள் திறந்தே இருக்கும், அதனால் கெடாத சிலிண்டரும் பூஜ்யம்தான் காட்டும். அந்த எண்ணை நம்பாதே. நாலு சிலிண்டர் நேர்வரிசை எஞ்சினாக இருந்தால், ஒன்றாம் பிஸ்டனை உச்சியிலிருந்து 90 டிகிரி இறக்கினால் நான்கும் நடுவில் நிற்கும், வால்வு இடிக்காது. அப்போது கேம்களைக் கழற்றினால் எல்லா வால்வும் மூடும். பிறகு பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றிக் கசிவைக் கேட்க வேண்டும். காற்று ஏறும்போது கிராங்க் தானே சுழலும் என்பதால், புல்லியில் ஸ்பேனரை விட்டுவைக்கக் கூடாது.

காற்று உள்ளே வரும் த்ராட்டில் பக்கம் சீறினால் ஒழுகுவது இன்டேக் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் மூடி வழியாக லேசாக வருவது இயல்பு. பலமாக வந்தால் பிஸ்டன் அல்லது ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட்டோ விரிசலோ.

செயின் பல் மட்டும் தாண்டியிருந்தால் வேறு மாதிரி. எல்லாச் சிலிண்டரும் கம்ப்ரஷனை ஏறக்குறைய ஒரே அளவில் குறைவாகக் காட்டும். டைமிங்கைச் சரியாக வைத்து மறுபடி அளந்தால் நலமானவை மேலே ஏறிவிடும், வால்வு வளைந்தது மட்டும் கீழேயே கிடக்கும். சின்னக் கேமராவைப் பிளக் துளையில் விட்டால் பிஸ்டன் தலையில் பிறை வடிவத் தடம் தெரியும். தடம் இல்லை என்பதற்காக வால்வு தப்பியது என்று நினைத்துவிடாதே. லேசாக உரசினாலே வளையும்.

வளைந்தது உறுதியானால் ஹெட் இறங்கத்தான் வேண்டும். இறக்கிய ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கைப் பூட்டி, குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றினால் எந்த வால்வு ஒழுகுகிறது என்று போர்ட் (வால்வுக்குப் பின்னுள்ள காற்று வழி) காட்டிவிடும். ஒழுகாததையும் வெளியே எடுத்து, வளைவை அளக்கும் டயல் கேஜ் வைத்து உருட்டிப் பார்க்கச் சொல். தண்டு வளைந்தபோது, அது நுழைந்து நகரும் குழாயான வால்வு கைடில் விரிசல் விட்டிருக்கலாம். வால்வைத் தள்ளும் ராக்கர், லிஃப்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பிஸ்டன்களை உச்சிக்குக் கொண்டுவந்து உயரத்தை ஒப்பிட்டால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருந்தால் ஒன்று தாழ்ந்து நிற்கும். ஹெட் போல்ட் இறுக்கும்போது நீளும் ரகம் என்றால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது.

அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைத் திறக்காமல் விட்டுவிடுவார்கள், நீ விடாதே. செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடின் உடைந்த துண்டுகள் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் புது ஹெட் இருந்தும் ஆயில் போகாமல் பேரிங் போய்விடும். கிடைத்த துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கட்டும். குறையும் துண்டு எஞ்சினுக்குள்தான் இருக்கிறது. செயின் ஏன் போனது என்பதும் பெரும்பாலும் அங்கேயே தெரியும்: ஆயில் கருத்துக் கெட்டியாகியிருந்தால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்குப் போதிய அழுத்தம் போயிருக்காது. அதனால் டென்ஷனர், கைடுகள், பல்சக்கரங்கள் எல்லாம் செயினோடு சேர்த்துப் புதிதாக வர வேண்டும். "முதலில் செயினை மட்டும் மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு இடம் போ.

சிலிண்டர் வாரியாகக் கசிவு அளவுகளையும் பிஸ்டன் படங்களையும் எனக்கு அனுப்பு. ஹெட் வேலையா, வேறு எஞ்சினா என்று அதைப் பார்த்த பிறகு பேசுவோம்.

அன்புடன்,
அப்பா