சேலைக்கும் சீருக்கும் என்று எழுதியிருந்தீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஐந்து பெண்களை ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீனாக வைத்துக் கம்பெனிகள் கொடுக்கிற குழுக்கடன் பற்றி வந்த கட்டுரையில், தொழிலுக்கு வாங்கிய கடனைச் சேலைக்கும் சீருக்கும் செலவழித்துவிட்டுப் பெண்கள் திண்டாடுகிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. இருபது வருடமாக உங்கள் பத்திரிகை வாங்குகிற வீடு எங்களுடையது. அந்த வரியைப் படித்தபிறகு மீதிப் பக்கத்தைப் புரட்ட மனசு வரவில்லை.

நான் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். 2017ல் குழுக்கடனாக 30,000 ரூபாய் எடுத்துப் பெரிய கிரைண்டர் போட்டேன். கட்டணம், இன்சூரன்ஸ் என்று பிடித்துக்கொண்டு 28,850 கைக்கு வந்தது. வாரம் 680, ஐம்பது வாரம். பணம் வந்த அடுத்த வாரமே முதல் டியூ. கிரைண்டர் அப்போது கடையிலிருந்து வந்து இறங்கவே இல்லை. மாவு அரைக்கும் முன்பே கட்டிய அந்த முதல் மூன்று டியூவும் என் தோட்டை அடகு வைத்த காசு. வாரா வாரம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், சேலை என்று ஒரு வரி கூட அதில் இல்லை.

தண்டலுக்கு இது எவ்வளவோ மேல்தான், மறுக்கவில்லை. 9,000 கையில் கொடுத்துவிட்டு தினம் 100 ரூபாய் என்று நூறு நாள் வாங்குகிறவனிடம் சிக்கியிருந்தவள் நான். சிறு தொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடனுக்குப் பிணை வேண்டாம் என்று கேள்விப்பட்டு வங்கிக்கும் போனேன். வீட்டுக்காரர் கையெழுத்து, ஜாமீன் ஆள் என்று நாலு முறை அலையவிட்டார்கள். அப்புறம் எங்கே போவது? வீடு தேடி வந்தவர்களிடம்தான் வாங்கினோம்.

டியூ கட்ட வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் குழுத் தலைவி வீட்டுத் திண்ணையில் எல்லாரும் உட்கார வேண்டும். ஒரு வாரம் எங்களில் ஒருத்தி பிள்ளையை வைத்துக்கொண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வசூலுக்கு வந்த பையன் வண்டியை நிறுத்திவிட்டு, அவள் பணமும் சேர்ந்தால்தான் எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்துவிட்டான். நாங்கள் நாலு பேர் ஆளுக்கு 170 போட்டுக் கட்டினோம். அடுத்த வாரமும் அதேதான். மூன்றாம் வாரம் நானே அவள் வாசலில் நின்று சத்தம் போட்டேன். என் பிரசவத்துக்குக் கூட இருந்தவள். இன்றைக்கு எதிரே வந்தால் சந்து மாறிப் போகிறாள். அந்தப் பையன் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை, பேச வேண்டியதை எங்களையே பேச வைத்தார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்து தென்னை அத்தனையும் சாய்ந்து கிடந்தது, கரண்ட் இல்லை, பத்தாம் நாளே டியூ கேட்டு வந்தார்கள். 2020 ஊரடங்கில் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. தள்ளிப்போட்டால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பது எங்களுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. அப்போதெல்லாம் உங்கள் நிருபர் இந்தப் பக்கம் வரவில்லை. 2006ல், ஏழைப் பெண்களுக்கு இப்படிச் சிறு கடன் கொடுத்த வங்கதேசத்து யூனுஸ் அவர்களுக்கும் அவருடைய கிராமீன் வங்கிக்கும் நோபல் கிடைத்தபோது ஆட்டுக்குட்டியோடு சிரிக்கிற பெண்ணின் படம் போட்டீர்கள். 2010ல் ஆந்திராவில் இந்தக் கடன் தொல்லையால் பெண்கள் உயிரை விட்டு, அரசு அவசரச் சட்டம் போட்டபோது அது உள்பக்கத்தில் நாலு வரி.

இன்னொன்று. மகளிர் சுய உதவிக் குழுவையும் கம்பெனிக் குழுவையும் ஒன்றாகவே போட்டு உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். உங்களுக்குத் தெரியாததா? அங்கே முதலில் நாங்கள் சேமிக்கிறோம், அந்தச் சேமிப்பைப் பார்த்து வங்கி கொடுக்கிறது. இங்கே சேமிப்பே கிடையாது, ஐந்து பேர் ஆதாரும் ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீனும்தான்.

இந்த மாதிரிக் கடனுக்கு 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து போகக் கூடாது. காலை 9க்கு முன்னும் மாலை 6க்குப் பின்னும் போன் செய்து கேட்கக் கூடாது. முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது. போன வருடம் நான் எடுத்த கடனில் வருமானம் எவ்வளவு என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை, அந்தக் கட்டத்தை அவர்களே நிரப்பிவிட்டு இங்கே கையெழுத்து போடுங்க அக்கா என்றார்கள். எங்கள் தெருவில் மூன்று கம்பெனிக்குக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒன்றை வாங்கி இன்னொன்றை அடைக்கிறார்கள். சீர் செய்யவா இது?

திருத்தமோ மறுப்போ போடச் சொல்லவில்லை. தங்கம் விலை போடுகிறீர்களே, அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் மேலே சொன்ன விதிகளையும், புகார் பற்றிக் கேட்க ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணையும் வாரம் ஒரு தடவை, வியாழக்கிழமையில் போடுங்கள். கத்தரித்துத் திண்ணைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம்.

பெயர் வேண்டாம், இன்னும் 22 டியூ பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பட்டுக்கோட்டை வட்டம்