பன்னிரண்டும் பதிமூன்றும்

கோவில்பட்டி
6 ஜனவரி 2025

அன்பு பாப்பாவுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன், "ம்" என்றாய். குளிர் எப்படி என்றேன், "பரவாயில்லப்பா" என்றாய். அம்மா கேட்டதற்கும் அதே "ம்" தான். நாலாவது கேள்விக்குப் பிறகுதான், ஆறு வாரமாகச் செய்த டிகோடர் தோற்றுவிட்டது, ஆய்வுத் தலைப்பையே மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன் என்று சொன்னாய். போனில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். அம்மா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

போன ஆடியில் நீ வந்திருந்தபோது அம்மாவின் கோலப்பொடியை எடுத்து வாசலில் மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாய், நினைவிருக்கிறதா? புள்ளிகள்தான் குவாண்டம் கணினியில் தகவலைத் தாங்கும் கியூபிட்கள், அவற்றை நேராகப் பார்க்கக் கூடாது, பார்த்தால் உள்ளே இருப்பது கலைந்துவிடும் என்றாய். அதனால் நடுவில் ஊடுபுள்ளி வைத்து, பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் கேட்க வேண்டும். எந்தெந்த ஊடுபுள்ளி "இல்லை" என்கிறதோ அதை வைத்துப் பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது டிகோடரின் வேலை. நான் தலையாட்டினேன், ஆனால் பாதிதான் புரிந்தது. மீதியை நீ ஊருக்குப் போன பிறகு உட்கார்ந்து படித்தேன். ஏன் அப்படி விடாமல் படித்தேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

தந்திப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மோர்ஸில் 2 என்றால் இரண்டு புள்ளி, மூன்று கோடு. 3 என்றால் மூன்று புள்ளி, இரண்டு கோடு. நடுவில் இருக்கும் ஒரே ஒரு கோடு புள்ளியாகக் காதில் விழுந்தால் 12 பதிமூன்றாகிவிடும். ஒரு பையனுக்கு இண்டர்வியூ தேதி தந்தியில் வந்தது. எண்கள் வந்தால் கடைசியில் இன்னொரு முறை அடிக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்று மழை, லைனில் இரைச்சல், வரிசையாகத் தந்திகள் காத்திருந்தன. நான் சரிபார்க்காமல் 13 என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்தப் பையன் ஒரு நாள் தாமதமாகப் போய், எல்லாம் முடிந்து, திரும்பி வந்து கவுன்டரில் அந்தத் தாளை வைத்துவிட்டு நின்றான். சத்தம்கூடப் போடவில்லை. அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் மோர்ஸ் போய் டெலிபிரிண்டர் வந்தது, 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோனது. ஆனால் எண் என்றால் இரண்டு முறை சொல்லும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. காய்கறிக் கடையில்கூட அப்படித்தான், அம்மாவைக் கேட்டுப் பார்.

அதனால்தான் நீ பிழை திருத்தம் படிக்கப் போகிறேன் என்றபோது எனக்கு அது சொந்த விஷயமாக இருந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஹேமிங் வார இறுதியில் கணினியை ஓடவிட்டுப் போவார். யாரும் இல்லாத நேரத்தில் பிழை வந்தால் அது வேலையை அப்படியே கைவிட்டுவிடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த மிஷினுக்கு அது எங்கே என்று ஏன் கண்டுபிடிக்கத் தெரியக்கூடாது என்ற அவருடைய கோபத்திலிருந்துதான், பிழையை மிஷினே திருத்தும் முறை பற்றிய கட்டுரை 1950-ல் வந்தது. அதைப் படித்தபோது கவுன்டரில் நின்ற பையன்தான் நினைவுக்கு வந்தான்.

உங்கள் துறையில் எனக்குத் திகைப்பாக இருந்தது, திரும்ப அடிக்கச் சொல்லவே வழியில்லை என்பது. தெரியாத ஒரு குவாண்டம் நிலையை நகல் எடுக்க முடியாது என்று 1982-ல் நிரூபித்துவிட்டார்கள். நகலும் கிடையாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. அப்புறம் எப்படித் திருத்துவது? பீட்டர் ஷோர் 1995-ல், நகல் எடுக்காமலே ஒரு கியூபிட்டை ஒன்பதில் பரப்பி வைக்கலாம் என்று காட்டினார். அந்த இடத்தை நான் மூன்று முறை படித்தேன் பாப்பா. மனிதர்கள் இப்படியும் யோசிப்பார்களா என்று இருந்தது.

இப்போது உன் டிகோடருக்கு வருகிறேன். தவறாகச் சொன்னால் திருத்து. மூன்றுக்கு மூன்று கோலத்தில், ஓரத்தில் வைப்பதையும் சேர்த்து, ஊடுபுள்ளி எட்டு. அவை ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய விதங்கள் 256. உன் டிகோடர் உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் நியூரல் நெட்வொர்க், அத்தனையையும் பார்த்துப் படித்திருக்கும், அதனால்தான் அங்கே ஜெயித்தது. ஐந்துக்கு ஐந்தில் ஊடுபுள்ளி 24, விதங்கள் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கு மேல். ஏழுக்கு ஏழில் 48. நேற்று ராத்திரி காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், 281 லட்சம் கோடி வருகிறது. அதுவும் ஊடுபுள்ளிகளை ஒரே ஒரு சுற்று கேட்பதற்கு. நீ பல சுற்றுகளைச் சேர்த்துப் பார்க்கிறாய். ஆறு வாரத்தில் எந்தக் கணினி அதில் ஒரு மூலையையாவது பார்த்திருக்கும்?

நீ தோற்றது எதனிடம் என்பதையும் பார். "இல்லை" என்ற ஊடுபுள்ளிகளை மொத்த தூரம் குறைவாக வரும்படி ஜோடி சேர்க்கும் முறை அது. அதன் அடியில் இருக்கும் கணக்கை ஜாக் எட்மண்ட்ஸ் 1965-ல் எழுதியிருக்கிறார். அதற்குக் கோலத்தின் வடிவம் முன்பே தெரியும். உன்னுடையது ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கற்க வேண்டும். ஆக, மூன்றில் ஜெயித்து, ஐந்தில் தடுமாறி, ஏழில் விழுந்தது என்றால், வடிவத்தைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் எந்த அளவில் உடைகிறது என்று நீ அளந்திருக்கிறாய். எனக்கு அது வீணான ஆறு வாரமாகத் தெரியவில்லை. அந்த ஃபைல்களை மட்டும் அழித்துவிடாதே. மூன்று அளவுக்கும் கிராஃப் போட்டு, எந்த இடத்தில் கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன என்று குறித்து, உன் கைடு முன்னால் வை. "தோற்றுவிட்டது" என்று பேச்சை ஆரம்பிக்காதே. படத்தை வைத்துவிட்டு, ஏன் இப்படி என்று கேள். அவர் அதைப் பார்த்த பிறகும் தலைப்பை மாற்றச் சொன்னால் மாற்று, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் படத்தைக் காட்டாமல் நீயாக மாற்றாதே.

போன மாதம் கூகுளின் வில்லோ என்ற குவாண்டம் சிப்பைப் பற்றிச் செய்தி வந்தபோது நீ ராத்திரியில் எழுப்பிச் சொன்னாயே. மூன்று, ஐந்து, ஏழு என்று கோலம் பெரிதாகப் பெரிதாகப் பிழை ஒவ்வொரு படியிலும் பாதிக்கும் கீழே போனது என்று. 1995-லிருந்து எண்ணிப் பார், 29 வருடம். அந்த 29 வருடத்தில் எத்தனை பேருடைய ஏழுக்கு ஏழு விழுந்திருக்கும்? நீ தினமும் எழுதும் ஸ்டெபிலைசர் முறையே, அதாவது இந்த ஊடுபுள்ளிக் கேள்விகளை எழுதும் முறையே, டேனியல் காட்டஸ்மன் 1997-ல் மாணவராக இருந்தபோது கொடுத்த ஆய்வேட்டில் வளர்ந்ததுதான்.

கடன் தவணையை நினைத்து அவசரப்படுகிறாயோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். பென்ஷனிலிருந்து மாதம் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறேன். படிப்பு ஆறு மாதம் தள்ளிப்போனாலும் சமாளிக்கலாம், கணக்குப் போட்டுவிட்டேன்.

அங்கே ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறது என்றாய். மதியம் கொஞ்ச நேரம் வெளியே நட. ஒரு விஷயம், பாப்பா. சாப்பிட்டாயா, தூங்கினாயா, குளிரா என்று நான் வாராவாரம் அதையே கேட்பது உனக்குச் சலிப்பாக இருக்கலாம். உன் மனதுக்குள் எட்டிப் பார்க்க எனக்கு வழி இல்லை. இந்தச் சின்னக் கேள்விகள்தான் என் ஊடுபுள்ளிகள். எல்லாவற்றுக்கும் "ம்" என்றே பதில் வந்தால் எங்கே கோளாறு என்று எனக்குத் தெரியாமல் போகிறது. சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லை என்றே சொல்.

பொங்கலுக்கு அம்மா அங்காயப் பொடியும் கடலை மிட்டாயும் பார்சல் போட்டிருக்கிறாள். மிட்டாயை அறைத் தோழிகளுக்கும் கொடு.

அடுத்து ஞாயிற்றுக்கிழமை 12-ஆம் தேதி, இங்கே ராத்திரி ஒன்பதரை, உனக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூப்பிடுகிறேன். மறுபடி சொல்கிறேன், பன்னிரண்டு.

அப்பா