வாசலில் நிற்பவருக்கும் ஒரு பதக்கம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீத்தொண்டு வாரத்தையொட்டித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் பஞ்சுப் பொதிகளையும் வெடிபொருள்களையும் ஒன்றாக ஏற்றி நின்ற கப்பல் வெடித்தபோது மாண்ட 66 தீயணைப்பு வீரர்களை, சித்திரைப் பிறப்பின் கொண்டாட்டத்துக்கு நடுவிலும் மறவாமல் நினைவுகூர்ந்ததற்கு நன்றி. ஆயினும் கட்டுரை முழுவதும் துணிச்சலின் புகழாகவே அமைந்துவிட்டது. எரிகிற கட்டடத்துக்குள் வீரர்கள் பாய்ந்து சென்றதை வியந்து எழுதுகிறோம்; அப்போது அவர்கள் உள்ளே போயிருக்கத்தான் வேண்டுமா என்று கேட்பதை மட்டும் இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதையாக எண்ணித் தவிர்த்துவிடுகிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அதைக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

2020 தீபாவளியன்று மதுரை நவபத்கானா தெருவில் துணிக்கடைத் தீயை அணைக்கச் சென்ற வீரர்களில் இருவர், கட்டடம் இடிந்து விழுந்ததில் உயிரிழந்தனர். 2012 பொங்கல் விடுமுறையில் சென்னை எழிலக வளாகத்துக் கலச மகால் எரிந்தபோது ஓர் அலுவலர் உயிரிழந்தார். பெண் அலுவலர் ஒருவர் கடும் தீக்காயங்களுடன் மீண்டார். இரண்டும் பழங்காலக் கட்டடங்கள். அந்த விபத்துகளுக்கு நான் தீர்ப்பு எழுத வரவில்லை. ஆனால் பழைய கடைவீதிக் கட்டடங்களில் தீயைவிட ஆபத்தானது, சில நேரம், நாம் அடிக்கும் தண்ணீர்தான் என்பதைப் பொதுமக்கள் அறிய வேண்டும். ஒரு குழாயில் நிமிடத்துக்கு 500 லிட்டர் பாய்கிறது என்றால், ஒவ்வொரு நிமிடமும் அரை டன் எடை மேல்தளத்தில் ஏறுகிறது. அடுக்கி வைத்த துணிப்பொதிகள் அந்தத் தண்ணீரை வடியவிடாமல் குடித்து ஊறிக் கனக்கும். அவற்றைத் தாங்கும் மர உத்தரமோ அதே நேரத்தில் கருகிக்கொண்டிருக்கும். பிற்காலத்தில் செருகிய இரும்பு உத்தரமாக இருந்தால், 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது தன் வலுவில் ஏறத்தாழப் பாதியை இழந்திருக்கும். சுவரில் புதிதாக விரிசல் ஓடுவது, கதவு நிலை கோணுவது, செங்கல் இடுக்குகளில் புகை கசிவது, உள்ளே அடித்த தண்ணீர் வெளியே வராமல் போவது ஆகியவை கட்டடம் தரும் எச்சரிக்கைகள். குழாயைப் பிடித்துக்கொண்டு புகைக்குள் நிற்பவனால் இவற்றைப் பார்க்க முடியாது. வெளியே ஒருவர், வேறு வேலை எதுவும் செய்யாமல், பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். வண்டியில் வந்ததே ஐந்தாறு பேர் என்னும்போது ஒருவரைச் 'சும்மா' நிறுத்தி வைப்பது எவ்வளவு கடினம் என்பதை நிலைய அலுவலராக இருந்த எவரும் சொல்வார்.

புகைக்குள் போகிறவர் முதுகில் காற்று உருளையோடு சுமக்கும் மூச்சுக்கருவிக்கும், வெளியே நிற்கும் இதே ஆள் தேவைப்படுகிறார். 6.8 லிட்டர் உருளையில் 300 பார் அழுத்தத்தில் அடைத்தால் ஏறத்தாழ 2,000 லிட்டர் காற்று கிடைக்கும். மூச்சுக்கு நிமிடத்துக்கு 40 லிட்டர் செலவாகும் என்று கணக்கிட்டால் 50 நிமிடம் வரும். ஆனால் கனமான உடையோடு படியேறிக் குழாய் இழுப்பவனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, திரும்பி வரும் வழிக்கும் காற்று வேண்டும். யார் எத்தனை மணிக்கு எவ்வளவு அழுத்தத்துடன் உள்ளே போனார் என்று வாசலில் ஒருவர் பலகையில் குறித்துக்கொண்டிருந்தால்தான், காற்று குறைந்துவிட்டது என்று கருவியின் எச்சரிக்கை விசில் ஊதும் முன்பே அவரைத் திரும்பச் சொல்ல முடியும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் 1999 டிசம்பர் 3 அன்று நடந்ததைப் பயிற்சிக்கு வரும் ஒவ்வோர் இளைஞனுக்கும் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கைவிடப்பட்ட குளிர்பதனக் கிடங்கு அது, சன்னல் கிடையாது. வீடற்ற இருவர் உள்ளே இருக்கலாம் என்ற தகவலின் பேரில் தேடப்போன இரண்டு வீரர்கள் புகையில் வழி தவறி, காற்று தீர்ந்துபோகும் நிலையில் உதவி கேட்டனர். அவர்களைத் தேடிப்போனவர்களில் நான்கு பேர் திரும்பவில்லை. இன்னும் போகத் துடித்தவர்களை, மைக் மெக்நாமி என்ற அதிகாரி வாசலில் நின்று மறித்து, இனி ஒருவரும் போகக் கூடாது என்று தடுத்தார். அந்த வீடற்ற இருவரும் தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்பே வெளியேறிவிட்டார்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது. உள்ளே இருப்பவர்கள் தன் ஆள்கள் என்று தெரிந்தும் கதவை மறிக்கிற அந்த மன உறுதி, ஏணி ஏறும் துணிச்சலுக்கு எந்த வகையில் குறைந்தது?

நம் ஊரிலும் அப்படி ஓர் உதாரணம் உண்டு. 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் பல மாடித் துணிக்கடை ஒன்று எரிந்தது. கட்டடத்தில் சிக்கியிருந்தவர்கள் மீட்கப்பட்டனர். புகை வெளியேற வழியில்லாத அந்தக் கட்டடத்தை அதன்பின் பெரும்பாலும் வெளியிலிருந்தே எதிர்கொண்டனர். மறுநாள் விடியுமுன் அதன் ஒரு பகுதி மாடி மாடியாகச் சரிந்தபோது அதன் அடியில் ஒரு வீரரும் இல்லை. நாம் அன்று பேசியதோ, 'ஒரு நாள் முழுக்க அடித்தும் அணைக்க முடியவில்லையே' என்பதுதான்.

இதைக் கோழைத்தனத்துக்கு வக்காலத்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே உயிரோடு ஒரு குழந்தை இருக்கிறது என்றால் கணக்கே வேறு. அங்கே உயிரைப் பணயம் வைக்கத்தான் நாங்கள் உறுதிமொழி எடுத்தோம். சரக்குக்காகவோ, ஏற்கெனவே எரிந்து முடிந்த கூரைக்காகவோ அதே பணயத்தை வைக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். இந்த இரண்டையும் சில நொடிகளில் பிரித்தறிய மேடைப் பேச்சு உதவாது, பழக்கம்தான் உதவும். திறந்த மைதானத்தில் தட்டில் டீசலை ஊற்றிக் கொளுத்தி அணைத்துப் பழகியவனுக்கு, மூடிய அறையில் கூரையடியில் புகை திரண்டு, அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் அந்தக் கணம் எப்படி நெருங்கும் என்பது தெரியாது. இன்றைய வீடுகளில் நுரை மெத்தையும் நெகிழிப் பொருள்களும் நிறைந்திருப்பதால் அந்தக் கணம் முன்னைவிட மிக விரைவில் வந்துவிடுகிறது.

ஆகவே உண்மைத் தீயில் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியும் கொல்லும் என்பதை நான் மறைக்கவில்லை. 1982இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் பயிற்சித் தீயிலேயே இரு வீரர்கள் இறந்தனர். அதைத் தொடர்ந்துதான் 1986இல் அத்தகைய பயிற்சிகளுக்கென்று அந்நாட்டுத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 1403 என்ற விதிமுறை அங்கே உருவானது. அப்படி இருந்தும் 2001இல் நியூயார்க் மாநிலத்தில், சிக்கிக்கொண்டவராக நடிக்க வைக்கப்பட்ட புதிய வீரர் ஒருவர் பயிற்சித் தீயில் உயிரிழந்தார். மீட்கப்பட வேண்டியவர் இடத்தில் பொம்மையைத்தான் வைக்க வேண்டும், உயிருள்ள ஆளை வைக்கவே கூடாது என்பது எவ்வளவு எளிய விதி!

இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் பணிகளின் முதல் வகுப்பில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் சேர்த்தது. கரி படிந்த சட்டையோடு படமெடுத்துக்கொள்வது எங்கள் காலத்தில் பெருமை. அந்தச் சட்டையைத் துவைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று இன்றைய பிள்ளைகளுக்காவது சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நகரத்தில் சரக்குக் கிடங்கு ஒன்று எரிந்தபோது, மேல்தளம் தொய்வதைக் கண்டு என் ஆள்களை வெளியே வரச் சொன்னேன். கூடியிருந்தவர்கள், 'சம்பளம் வாங்குறீங்கல்ல, உள்ள போங்கய்யா' என்று கூச்சலிட்டார்கள். அன்று தளம் விழவில்லை. நான் பயந்துவிட்டேன் என்றுதான் அந்த ஊரில் நெடுநாள் பேசிக்கொண்டார்கள். மறுபடி அதே தளத்தைப் பார்த்தாலும் அதையேதான் செய்வேன்.

அரசிடம் நான் வேண்டுவது இதுதான்: களத்தில் உள்ள அலுவலர் ஆள்களைத் திரும்ப அழைத்தால், அதற்காக அவர் மீது நடவடிக்கை வராது என்ற உறுதி எழுத்தில் வேண்டும். தங்களிடம் வேண்டுவது இன்னும் சிறியது. அடுத்த ஏப்ரலில், தன் ஆள்களை உள்ளே அனுப்ப மறுத்த ஓர் அலுவலரைத் தேடிப் பிடித்து அவருடைய பேட்டியை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர்,
திண்டுக்கல்.