8000 பவுண்டு யார் கைக்குப் போனது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆஸ்திரேலியக் கொள்ளையன் நெட் கெல்லியைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். கவசம் பூண்டு பனிமூட்டத்தில் வந்த உருவம், கிளென்ரோவன் ஊரில் போலீஸோடு நடந்த கடைசித் துப்பாக்கிச் சண்டை என்று விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் 1880 நவம்பர் 11 அன்று மெல்பர்ன் சிறையில் அவனைத் தூக்கிலிட்டதோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. என் ஆதங்கம் அங்கேதான். தூக்குக்குப் பிறகு ஒரு கணக்குத் தீர்ப்பு நடந்தது. புஷ்ரேஞ்சர் (காட்டில் பதுங்கி வாழ்ந்த கொள்ளையர்) வேட்டை யாரை எப்படி நடத்தியது என்பது அந்தக் கணக்கில்தான் பளிச்சென்று தெரிகிறது.

விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் இரு அரசுகளும் சேர்ந்து கெல்லி கும்பலின் தலைக்கு அறிவித்த பரிசு 8000 பவுண்டு. கும்பல் ஒழிந்ததும் அதைப் பங்கிட ஒரு குழு அமர்ந்தது. பெரும்பங்கு போலீஸ் கண்காணிப்பாளர் ஹேருக்கு, 800 பவுண்டு. கிளென்ரோவனில் முதல் வேட்டுகளிலேயே மணிக்கட்டில் குண்டு பட்டு, சிகிச்சைக்காகச் சண்டைக் களத்தை விட்டுப் பெனல்லாவுக்குப் போய்விட்டவர் அவர். தண்டவாளம் பெயர்க்கப்பட்டிருக்கிறது என்று சிவப்புச் சால்வைக்குப் பின்னால் மெழுகுவத்தியைப் பிடித்து போலீஸ் வந்த ரயிலை நிறுத்தி, அதில் வந்த அத்தனை உயிர்களையும் காப்பாற்றிய பள்ளி ஆசிரியர் தாமஸ் கர்னோவுக்கு 550. அவர் முறையிட்ட பிறகே அது கூடியது.

குயின்ஸ்லாந்திலிருந்து வரவழைத்த பழங்குடித் தடம் பார்ப்பவர்களுக்கு? ஆளுக்கு 50 பவுண்டு என்று எழுதினார்கள். அதையும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை. பெருந்தொகையைக் கையாளத் தெரியாதவர்கள் என்று காரணம் சொல்லி, பணத்தைக் குயின்ஸ்லாந்து, விக்டோரியா அரசுகளிடம் ஒப்படைத்து, அவையே பார்த்துச் செய்யட்டும் என்று பரிந்துரைத்தது குழு. நூறாண்டுக்கு மேல் கழித்து, 1990களில், அவர்களில் இருவரின் வாரிசுகள் அந்தப் பணத்துக்கு உரிமை கோர வேண்டியிருந்தது.

இவர்களைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரே ஒரு வரி, அதுவும் பெயரில்லாமல். ஹீரோ, ஜானி, ஜிம்மி, பார்னி, ஜாக்கி, சாம்போ. போலீஸ் ஏடுகளில் இருக்கும் பெயர்கள் இவை. 1879 மார்ச்சில் துணை ஆய்வாளர் ஸ்டான்ஹோப் ஓகானரோடு பெனல்லா வந்து சேர்ந்தார்கள். வெப்பமண்டலத்தில் வாழ்ந்தவர்களைக் குளிர்ந்த மலைக்காட்டில் இறக்கினார்கள். வந்த சில நாட்களிலேயே கார்ப்பரல் சாம்போ நுரையீரல் நோயில் இறந்தார். கெல்லி கும்பல் போலீஸ்காரர்களைக் கண்டு அவ்வளவு அஞ்சவில்லை. மண்ணில் கிடக்கும் குளம்புச் சுவட்டையும் ஒடிந்த சுள்ளியையும் வைத்தே ஆள் போன திசையைச் சொல்லும் இவர்களுக்குத்தான் அஞ்சியது. 1879 பிப்ரவரியில் ஜெரில்டெரி வங்கியைக் கொள்ளையடித்த கும்பல் அதற்குப் பின் பதினாறு மாதம் வெளியே தலைகாட்டாததற்கு அந்த அச்சமும் ஒரு காரணம். கிளென்ரோவனில் தண்டவாளத்தைப் பெயர்த்ததும், இவர்களையும் போலீஸாரையும் ஏற்றி வரும் ரயிலைக் கவிழ்க்கத்தான்.

இவர்கள் பணியாற்றிய குயின்ஸ்லாந்துப் பூர்வகுடிக் காவல்படை வடக்கே பழங்குடி மக்களையே கூட்டங்கூட்டமாகச் சுட்டு வீழ்த்திய படை என்பதை நான் மறைக்கவில்லை. வெள்ளை அதிகாரியின் கட்டளைக்குக் கீழே, சொந்த நிலத்தை இழந்த மனிதர்கள் துப்பாக்கி ஏந்திய கொடுமை அது. அந்த உழைப்பையும் வாங்கிக்கொண்டு கூலியையும் கையில் தராததை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

அடுத்து, கெல்லியின் மீது எனக்கும் இரக்கம் உண்டு. பெரும் பண்ணையார்களுக்கும் சிறு நிலம் பெற்ற ஏழை ஐரிஷ் குடும்பங்களுக்கும் இடையே இருந்த பகை பொய்யல்ல. கான்ஸ்டபிள் ஃபிட்ஸ்பாட்ரிக்கின் சாட்சியத்தை நம்பிக் கைக்குழந்தையோடு இருந்த நெட்டின் தாய் எல்லன் கெல்லிக்கு நீதிபதி ரெட்மண்ட் பாரி மூன்றாண்டு தண்டனை கொடுத்தார். அதே ஃபிட்ஸ்பாட்ரிக் 1880இல் வேலையை விட்டே நீக்கப்பட்டார். மகனைத் தூக்கிலிட்டபோது தாய் அதே சிறையில் இருந்தார். இதையெல்லாம் கட்டுரை நன்றாகவே சொல்கிறது. ஆனால் 1878 அக்டோபர் 26 அன்று ஸ்டிரிங்கிபார்க் ஓடையருகே கெல்லி கும்பல் சுட்டுக் கொன்ற மூவரை 'மூன்று போலீஸார்' என்று சொல்லிக் கடந்தது தகுமா? சார்ஜென்ட் மைக்கேல் கென்னடி ஐந்து பிள்ளைகளின் தகப்பன். தாமஸ் லோனிகனுக்கு நான்கு பிள்ளைகள். மைக்கேல் ஸ்கான்லன் மணமாகாதவர். மூவருமே ஐரிஷ்காரர்கள். ஏழை ஐரிஷ்காரனுக்கும் அரசுக்கும் நடந்த போர் என்று கதை சொல்லும்போது இந்த மூன்று பேரை எந்தப் பக்கத்தில் வைப்பது?

அந்தக் கொலைகளுக்குப் பின் அரசு செய்தது, கும்பலுக்கு ஆள்சேர்த்துக் கொடுத்தது போலத்தான் ஆயிற்று. அவசர அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்து, சரணடையாத கும்பலின் நால்வரையும் யாரும் கண்ட இடத்தில் சுடலாம் என்று அறிவித்தார்கள். 1879 ஜனவரியில், கெல்லிக்கு வேண்டியவர்கள் என்று இருபது பேருக்கு மேல் பிடித்து பீச்வொர்த் சிறையில் அடைத்தார்கள். வாரா வாரம் நீதிமன்றத்தில் நிறுத்துவதும், சாட்சியம் இன்னும் தயாராகவில்லை என்று காவலை நீட்டிப்பதுமாகவே மூன்று மாதத்துக்கு மேல் போயிற்று. அறுவடைக் காலத்தில் ஆண்பிள்ளை இல்லாத வயல் என்னவாகும் என்பதை எந்த உழவர் வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். கடைசியில் குற்றம் எதையும் நிரூபிக்காமலே விட்டுவிட்டார்கள். ஆனால் சந்தேகப் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு அப்பகுதியில் புதிதாக நிலம் தரக்கூடாது என்று போலீஸ் தடுத்தது. ஊர் முழுக்க வாய்மூடிக்கொண்டதில் வியப்பென்ன?

கிளென்ரோவன் விடுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1880 ஜூன் 28 அன்று உள்ளே கும்பல் பிடித்துவைத்த அறுபது பேர் வரை பிணையாக இருந்தார்கள் என்பது தெரிந்தும் போலீஸார் அந்தப் பலகைச் சுவர்களை நோக்கிச் சுட்டார்கள். விடுதிக்காரி ஆன் ஜோன்ஸின் சின்ன மகன் ஜான் அந்தக் குண்டில் இறந்தான். மார்ட்டின் செரி என்ற முதியவரும் இறந்தார். கைக்குழந்தையோடு வெளியே ஓடிவந்த மார்கரெட் ரியர்டன் என்ற பெண்ணின் மீதும் குண்டு பாய்ந்தது. சால்வையைத் துளைத்துக் குழந்தையை உரசிச் சென்றது. அவருடைய மகன் மைக்கேல் தோளில் காயம்பட்டான். கடைசியில் விடுதிக்கே தீ வைத்தார்கள். மெல்பர்னிலிருந்து பீரங்கி ஒன்றும் கிளம்பியிருந்தது. பாதி வழியில் செய்தி போய் நிறுத்தினார்கள். மகனையும் வீட்டையும் இழந்த ஆன் ஜோன்ஸைக் கொள்ளையருக்கு அடைக்கலம் தந்ததாகக் கைது செய்தார்கள். வழக்கில் அவர் விடுதலையானார். நஷ்டஈட்டுக்கு அலைந்து, கேட்டதில் ஒரு பகுதியைத்தான் பெற்றார்.

போலீஸ் துறையை விசாரிக்க 1881இல் பிரான்சிஸ் லாங்மோர் தலைமையில் ராயல் கமிஷன் அமர்ந்ததைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. ஹேர், நிக்கல்சன் போன்ற மேலதிகாரிகள் ஒருவரையொருவர் குறைசொல்லிக் காலத்தைக் கழித்தது அங்கே அம்பலமானது. கும்பலின் பழைய நண்பராக இருந்து போலீஸுக்குத் துப்புக் கொடுத்த ஆரன் ஷெரிட்டைக் காக்க அவருடைய குடிசையில் இருந்த நான்கு கான்ஸ்டபிள்கள், வாசலில் கும்பல் அவரைச் சுட்டுக் கொன்ற பிறகு மறுநாள் காலை வரை வெளியே வரவில்லை என்பதும் பதிவானது. ஹேருக்கும் நிக்கல்சனுக்கும் கிடைத்த தண்டனை என்ன தெரியுமா? ஓய்வு கொடுத்து இருவரையும் போலீஸ் மாஜிஸ்திரேட்டுகளாக்கினார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மறுபடி ஒரு கலகம் வெடிக்கும் என்று அரசு நடுங்கிக்கொண்டிருந்தபோது, கெல்லி குடும்பம் வாழ்ந்த கிரேட்டா பகுதியின் காவல் நிலையத்துக்கு அனுப்பப்பட்ட ராபர்ட் கிரஹாம் என்ற போலீஸ்காரர் எல்லன் கெல்லியிடமே நேரில் போய்ப் பேசினார். வேலிக்கு வேலி நடந்து குடும்பங்களின் மனத்தாங்கலைக் கேட்டார். ஒழுங்காக இருந்தால் நிலத்துக்குத் தடையில்லை என்ற உறுதியும் கிடைத்தது. பகை அடங்கிற்று. நெட்டின் தம்பி ஜிம் கெல்லி அதன்பின் விவசாயியாக அமைதியாக வாழ்ந்து 1946இல் இறந்தார். ஆயிரக்கணக்கான பவுண்டும் சிறப்புச் சட்டமும் சாதிக்காததைப் பேச்சு சாதித்தது. இந்தப் போலீஸ்காரருக்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்க வேண்டாமா?

கமிஷன் முன் சொன்ன சாட்சியங்கள் அப்போதே கேள்வி பதிலாக அச்சாகிவிட்டன. ரியர்டன் அம்மாள் சொன்னதை அவர் வாய்மொழியாகவே இன்றும் படிக்கலாம். அவற்றை வைத்து இரண்டாவது கட்டுரை ஒன்றை அதே கட்டுரையாளரிடமே கேட்டு வாங்குங்கள். அதில் தடம் பார்த்தவர்களுக்கு மட்டும் இரண்டு பக்கமாவது ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மெல்பர்னிலிருந்து ஒரு வாசகி