கரையை உயர்த்தும் முன் மறுகாலை அகலப்படுத்துங்கள்

மதிப்பிற்குரிய குடிநீர்த் திட்டப் பொறியாளர் ஐயா அவர்களுக்கும் உடன் பணிபுரியும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். சென்ற வாரம் எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் ஒரு பலகை நட்டுச் சென்றிருக்கிறீர்கள். கரையை ஒரு மீட்டர் உயர்த்துதல், புதிய குடிநீர்க் குழாய் பதித்தல், குளம் நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் மறுகாலில் இரும்புக் கதவு பொருத்துதல் என்று மூன்று வேலைகள் அதில் இருக்கின்றன. மறுகாலை அகலப்படுத்துவது பற்றி ஒரு வரிகூட இல்லை. வெயிலில் நின்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அதன் பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணியின் இரு கரையிலும் குளத்துக்குக் குளம் உடைத்துக்கொண்டது. இப்படிப்பட்ட மழைக்கு எந்தக் கரைதான் நிற்கும் என்று அன்று எங்களிடம் சொன்னீர்கள். மழை பெரிது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் கரை உடையத் தொடங்கியது அந்த மழைக்கும் ஒரு மாதம் முன்னால்.

அதற்கு முந்தைய ஆண்டு கரையைக் குறுக்கே வெட்டிக் குழாய் பதித்தார்கள். குழாயை வைத்துவிட்டு, லாரி லாரியாக உலர்ந்த மண்ணைக் கொட்டி, மேலே மட்டும் உருளையை ஓட்டிவிட்டுப் போனார்கள். என் மாமனார் இந்தக் குளத்தின் நீர்பாய்ச்சியாக, மடை திறந்து வயல்களுக்கு நீர் பங்கிடுபவராக, இருந்தவர். கரை மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக்கூடாது, அந்தப் பதத்தில் ஒரு சாண் உயரத்துக்கு மேல் போடாமல் அடுக்கடுக்காகக் கெட்டிக்க வேண்டும் என்பார். உங்கள் புத்தகங்களும் அதைத்தானே சொல்கின்றன? குழாயின் அடிவயிற்றுக்கு உருளை போகாது. அங்கே ஆள் வைத்துக் கையால் இடித்திருக்க வேண்டும். யாரும் இடிக்கவில்லை.

2023 கார்த்திகையில் குழாயை ஒட்டிக் கரையின் வெளிப்பக்கம் நீர் கசிந்தது. மண் கரை என்றால் கசிவு இருக்கத்தான் செய்யும் என்றார் வந்து பார்த்த அலுவலர். தெளிந்த நீராகக் கசிந்தவரை அவர் சொன்னது சரி. பத்தாம் நாள் அது கலங்கி வந்தது. கலங்கல் என்றால் கரையின் உள்ளே இருக்கும் மண் துகள் துகளாக வெளியே வருகிறது, உள்ளே ஒரு பொந்து வளர்கிறது என்று பொருள். ஒரு பாட்டிலில் அந்த நீரைப் பிடித்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தேன். அடியில் படிந்த மண்ணைக் காட்டினேன். மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

மழை கொட்டியபோது குறுகலான மறுகாலால் வெள்ளத்தைத் தள்ள முடியவில்லை. நீர் கரை உச்சிக்கு ஒரு சாண் வரை ஏறி நின்றது. அந்தக் கனம் தாங்காமல் பொந்து வாயைத் திறந்தது.

எங்கள் தெரு மேட்டில் இருப்பதால் உயிர்கள் பிழைத்தன. குடிதண்ணீர்தான் போனது. கரைக்குக் கீழே இருந்த கிணற்றிலிருந்துதான் மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏறும். அந்தக் கிணற்றை வண்டல் விளிம்பு வரை மூடிவிட்டது. ஐந்து மாதம் லாரித் தண்ணீர். மூன்று நாளைக்கு ஒரு முறை, அதுவும் நள்ளிரவுக்குப் பிறகு, வீட்டுக்கு எட்டுக் குடம். என் பக்கத்து வீட்டுப் பெண் அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். கணவன் திருப்பூரில். அவளுக்கு நாங்கள் பிடித்துத் தந்திருப்போம். ஆனால் அட்டைக்கு உரியவர் நேரில் வராவிட்டால் தண்ணீர் இல்லை என்று லாரியோடு வந்தவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படுத்தால் தூங்கிவிடுவோமோ என்ற பயத்தில் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பாள், மடியில் கவிழ்த்த வெறுங்குடத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு. வலி எடுத்து ஆசுபத்திரிக்குப் புறப்பட்ட அன்றும், எட்டுக் குடமும் நிறைந்திருக்கின்றனவா என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினாள். அவள் மாமியார் வீட்டில் தனியாக இருப்பாரே என்ற கவலை.

அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டுதான் உங்கள் பலகையைப் படித்தேன் ஐயா. கரையை ஒரு மீட்டர் உயர்த்தினால் வெள்ளத்தின்போது இன்னும் ஒரு மீட்டர் வரை நீர் ஏறிக் கரையை அழுத்தி நிற்கும். வெளியேறும் வழியோ அதே பழைய அகலம். கல்லால் கட்டிய அணையாக இருந்தால் மேலே வழிந்தாலும் ஓரளவு தாங்கும். மண் கரைமேல் நீர் ஏறி வழிந்தால் பின்சரிவு அரித்துக்கொண்டு போய்விடும், சில மணி நேரம்கூட நிற்காது. மறுகாலின் அகலத்தை இரட்டித்தால் அதே நீர்மட்டத்தில் வெளியேறும் வெள்ளமும் இரட்டிக்கும். இவ்வளவு எளிய கணக்கு ஏன் மதிப்பீட்டில் இடம்பெறவில்லை?

இரும்புக் கதவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1977 வெள்ளத்தில் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் குடகனாற்று அணையில் மின்சாரம் நின்றுபோனது. கதவுகளைப் பாதிதான் தூக்க முடிந்தது. ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை, கையால் சுழற்றியும் பார்த்தார்கள். நீர் கரைமேல் வழிந்து அணை உடைந்தது. அங்கே ஊழியர்களாவது இருந்தார்கள். புயல் இரவில் எங்கள் மறுகால் கதவைத் திறக்க யார் வரப்போகிறார்கள்? கதவே இல்லாத திறந்த மறுகால்தான் எங்களுக்குக் காவல்.

சிறிய கரைதானே என்று எல்லோரும் கடந்து போய்விடுகிறார்கள். 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், நிபந்தனைக்கு உட்பட்டு 10 மீட்டருக்கு மேற்பட்டவற்றையும்தான் கணக்கில் எடுக்கிறது. ஐந்து மீட்டர் கரைக்குக் கீழே குடியிருப்பவர்கள் எந்தச் சட்டத்தைக் காட்டிப் பேசுவது? மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில், திவரே என்ற ஊரின் மண் அணை 2019 ஜூலை 2 இரவு உடைந்து குடும்பங்களையே அடித்துச் சென்றது. கசிவைப் பற்றி மக்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். நண்டுகள் துளைத்ததுதான் காரணம் என்று அமைச்சர் ஒருவர் பேசினார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னதைக் கேட்காதவர்கள் கேட்காமலே இருந்துவிட்டு, செத்தவர்களுக்கு நண்டைக் காரணம் சொல்கிறார்கள்.

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இதுதான்: முதலில் மறுகாலை அகலப்படுத்துங்கள். குழாய் கரையைவிட்டு வெளியேறும் பகுதியைச் சுற்றிலும் மணலும் சரளையும் இட்டு வடிகட்டி அமையுங்கள். நீர் வடியட்டும், மண் வரக்கூடாது. கரையில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்துக் குழியைக் கெட்டித்து மூடுங்கள். வேரை உள்ளே விட்டால் அது மக்கியபின் நீருக்கு அதுவே வழி. இவ்வளவும் முடிந்த பிறகு கரையை உயர்த்துங்கள்.

ஐப்பசி மழைக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. வேலை தொடங்குவதற்குள் ஒரு நாள் காலையில் தயவுசெய்து நேரில் வாருங்கள். மறுகாலிலிருந்து பழைய உடைப்பு வரை உங்களோடு நானும் நடந்து வருகிறேன். அந்த வெள்ளத்தில் நீர் ஏறி நின்ற அடையாளம் கரையோரப் பிள்ளையார் கோயில் சுவரில் இன்னும் இருக்கிறது. அதிலிருந்து அளந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
குளத்தடித் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண்