மேகம் என்றது பிழையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த கடன்சொற்கள் பற்றிய கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஒரு வரி மட்டும் உறுத்தியது. வானளாவிய கட்டடத்தைக் குறிக்கும் ஆங்கிலத்தின் 'ஸ்கைஸ்கிரேப்பர்' (வானத்தைச் சுரண்டுவது) ஜெர்மனுக்குப் போனபோது வானத்தை மேகமாக்கி 'வோல்கென்கிராட்ஸர்' என்று தவறாகப் பெயர்த்துவிட்டார்கள் என்கிறார் கட்டுரையாளர்.

கோவையில் பல வருடங்களாக ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் சொல்லைப் பலகையில் எழுதினாலே யாராவது கேட்டுவிடுவார்கள்: "வானத்துக்கு 'ஹிம்மெல்'னுதானே சொன்னீங்க சார், இங்க ஏன் மேகம்?" பின்பாதியில் யாருக்கும் சிக்கல் வராது. பூனை பிறாண்டினாலும் நாம் முதுகைச் சொறிந்தாலும் ஜெர்மனில் 'கிராட்ஸென்'தான். கேள்வியெல்லாம் முன்பாதியில்தான்.

'ஸ்கை' என்பதே ஆங்கிலத்துக்கு வந்த சொல். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் அதற்கு மேகம் என்று பொருள். டேனிஷ் மொழியில் இன்றும் மேகம்தான். ஆங்கிலத்திலும் முதலில் மேகத்தைச் சுட்டி, அப்புறம்தான் மேகம் உலவும் வெளிக்குப் பெயரானது. இன்னொன்று கேளுங்கள். மேகத்தைக் குறிக்கும் ஜெர்மன் 'வோல்க'வுக்கு ஆங்கிலத்தில் ஓர் உடன்பிறப்பு உண்டு: 'வெல்கின்'. பழைய கவிதைகளில் வரும், பொருள் வானம்! மேகமும் வானமும் இப்படி இடம் மாறிக்கொள்வது நமக்கும் புதிதல்ல. வள்ளுவர் 'வான்சிறப்பு' என்று பாடியது மழையைத்தானே?

ஆக, தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, ஜெர்மானியர் வைத்த மேகம் ஆங்கிலச் சொல்லின் வேரிலேயே போய் நிற்கிறது. இதைப் பிழை என்று எழுத எனக்கு மனம் வராது.

அந்த ஆங்கிலச் சொல்லும் கட்டடத்துக்கென்று பிறந்ததல்ல. பாய்மரக் கப்பலின் உச்சியில் விரிக்கும் சின்ன முக்கோணப் பாய்க்கு அந்தப் பெயர் இருந்தது. 1789இல் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தில் ஜெயித்த குதிரையின் பெயரும் அதுதான். சிகாகோவில் 1880களில் பத்து மாடிக் கட்டடங்கள் எழும்பிய பிறகே அது கட்டடத்தில் ஒட்டிக்கொண்டது. கட்டுரையில் இதற்கும் நான்கு வரி ஒதுக்கியிருக்கலாம்.

பிராங்பர்ட்டில் ஒரு நவம்பர் காலையில் மைன் ஆற்றுப் பாலத்தில் நின்றிருந்தேன். கோபுரங்களின் கீழ்ப்பாதி தெளிவாகத் தெரிந்தது, மேல்பாதியைக் காணோம். தாழ்ந்து வந்த மேகம் மூடியிருந்தது. அன்று எடுத்த படத்தைத்தான் இப்போது வகுப்பில் காட்டுகிறேன். அதன்பிறகு யாரும் ஏன் மேகம் என்று கேட்பதில்லை.

அந்த வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜெர்மன் மொழி ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்